15 கிலோமீட்டர் ஓடிவிட்டேன், பெருமைப்படலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 46. பெஸ்தாரி ஜெயாவில், எங்கள் ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், தமிழ்ப்பள்ளி கேன்டீனில் வேலை செய்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், தினமும் நடங்கள் என்று அனுப்பினார்கள். நடக்கத் தொடங்கினேன். மகள் போனில் ஓர் ஆப்பை இறக்கிக் கொடுத்தாள், நடை மெல்ல ஓட்டமாகிவிட்டது. தோட்டத்துச் செம்மண் சாலையில்தான் ஓடுவேன். 10 கிலோமீட்டருக்கு மேல் போனதே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மேகமூட்டமாக இருந்தது. வழக்கமாகத் திரும்பும் செம்பனை பிளாக் பலகை வந்தும் திரும்ப மனம் வரவில்லை, போய்க்கொண்டே இருந்தேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது போன் 15.02 என்று காட்டியது. 2 மணி 10 நிமிடம். நடுவில் நாலைந்து இடத்தில் நடந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். கொழுந்தனார், "ஏன் அண்ணி, பஸ் ஓடலையா?" என்று கேட்டார். மாமியார், "நாங்க பால் மரம் வெட்டின காலத்துல தினமும் இதைவிட அதிகமா நடந்தோம், யாரு படம் புடிச்சா?" என்றார். இரண்டே நாளில் இடது குதிகாலில் வலி வந்துவிட்டது, காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் நாலு அடி வைக்க முடியவில்லை. கண்ணு பட்டுவிட்டது என்கிறார் மாமியார். கட்டைவிரல் நகமும் கறுத்திருக்கிறது. இதற்கிடையில் டவுனில் ஓடுகிற தோழிகள், ஆறு வாரத்தில் ஓர் அரை மாரத்தான் வருகிறது, பெயர் கொடு, 15 ஓடினவளுக்கு 21 பெரிய விஷயமா என்கிறார்கள். கொடுக்கலாமா? அப்புறம், இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அந்த 15ஐ நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், சாம்பார் கிளறும்போதுகூட. இந்த வயதில் இவ்வளவு பெருமை தப்பா?

பதில்: அன்புள்ள அக்காவுக்கு, முதலில் ஒன்று, நான் டாக்டர் இல்லை, பிசியோதெராப்பிஸ்ட். பந்து விளையாடி முட்டி பிசகியவர்களும், தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்து இடுப்பு தேய்ந்தவர்களும் ஒரே நாற்காலி வரிசையில் காத்திருக்கும் இடத்தில் எனக்கு வேலை. அதனால் உங்கள் கடிதத்தில் உங்களையும் அடையாளம் தெரிந்தது, உங்கள் மாமியாரையும் தெரிந்தது, கொழுந்தனாரையும் கொஞ்சம் தெரிந்தது.

கடைசியில் கூச்சப்பட்டுக் கேட்டீர்களே, அதற்கு முதலில் பதில். தப்பே இல்லை. தாராளமாகச் சிரியுங்கள், சாம்பார் அடிபிடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

15 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு என்று ஓடாதவர்களுக்குப் பிடிபடாது. வீட்டில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு வெள்ளி ரதம் போகிறதே, ஏறக்குறைய அந்தத் தூரம். ரதம் வழிநெடுக நின்று நின்று அர்ச்சனை வாங்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் போகும் என்பது வேறு விஷயம், ஆனால் கூடவே நடந்து போனவர்களைக் கேட்டால் மறுநாள் கால் எப்படி இருந்தது என்று சொல்வார்கள். உங்கள் கொழுந்தனார் ஒருமுறையாவது நடந்திருப்பார். அவரிடம் பஸ்ஸைப் பற்றி நீங்கள் கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பதாகத் தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. கிளினிக்கில் "நடங்கள்" என்று எத்தனையோ பேரிடம் சொல்லப்படுகிறது, பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து நேராக ரொட்டி சானாய் கடைக்குப் போகிறார்கள். நீங்கள் நிஜமாகவே நடந்தீர்கள். அந்த நடை ஓட்டமாகி, ஓட்டம் 15 கிலோமீட்டராகி நிற்கிறது. இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் படுவது?

"இந்த வயதில்" என்றீர்கள், அதற்குள்ளே "பொம்பளை" என்ற சொல்லும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நம்முடைய எம். ராஜமணி 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஓடினார், 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார், அதே ஆண்டு நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனையானார். அவர் ஓடிய டோக்கியோவில் பெண்களுக்கு இருந்த மிக நீளமான ஓட்டம் எது தெரியுமா? 800 மீட்டர். அதற்கு மேல் பெண் உடம்பு தாங்காது என்று உலகத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல்தான், லாஸ் ஏஞ்சலஸில். அப்போது உங்களுக்கு நாலைந்து வயது இருக்கும். அவ்வளவு சமீபம்.

நடந்ததைக் கணக்கில் சேர்க்கலாமா என்று நேராகக் கேட்கவில்லை, ஆனால் "அதையும் சொல்லிவிடுகிறேன்" என்று ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கலாம். ஓட்டப் பந்தயத்தில் நடக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே என்ற அமெரிக்கர், கொஞ்ச நேரம் ஓடி, கொஞ்ச நேரம் நடந்து, மறுபடி ஓடும் முறையையே பயிற்சியாக வைத்து ஏராளமான பேரை மாரத்தான் முடிக்க வைத்தவர். சோர்ந்து விழுந்த பிறகு நடப்பதைவிட, நன்றாக இருக்கும்போதே இடையிடையே ஒரு நிமிடம் நடப்பதுதான் அதில் சூட்சுமம். அடுத்த தடவை அதை ஒளிக்காமல் திட்டமிட்டே செய்யுங்கள். போன் காட்டிய 15.02இல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், உயர்ந்த செம்பனை மட்டைகளுக்குக் கீழே ஓடும்போது போனுக்கு சிக்னல் தடுமாறும். அதைப் பிடித்துக்கொண்டு யாராவது வாதம் பண்ணினால் விட்டுவிடுங்கள்.

சரி, மாமியார். அவர் சொன்னது அப்படியே உண்மை, அக்கா. பால் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர், ஒரு நாளைக்கு 400, 500 மரம் பார்ப்பார். இருட்டிலேயே பேர் கூப்பிடும் பிரட்டு, நெற்றியில் விளக்கு, மரம் மரமாக நடை, அப்புறம் வடிந்த பாலை எடுக்க அதே நிரையில் மறுபடி நடை, அப்புறம் நிறைந்த வாளியோடு ஸ்டோருக்கு நடை. வெயில் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் இறங்கி, பால் ஒழுகுவது குறைந்துவிடும், அதனால்தான் அந்த விடியற்காலை அவசரம். உலகம் பெண்களால் 800 மீட்டருக்கு மேல் முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் நம் தோட்டத்துப் பெண்கள் தினம் தினம் இதைச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து உலையும் வைத்தார்கள்.

அவர் கேட்ட கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "யாரு படம் புடிச்சா?" உங்களைக் குத்துவதற்காகக் கேட்டதாக எனக்குப் படவில்லை. மரத்தை எண்ணினார்கள், பாலை நிறுத்துப் பார்த்தார்கள், அவர் நடந்த தூரத்தை மட்டும் யாரும் கணக்கில் வைக்கவில்லை. உங்கள் தூரத்துக்கு ஒரு படமும் ஓர் எண்ணும் இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு அது ஞாபகம் வந்திருக்கலாம். சிகிச்சைக்கு வரும் வயதான அம்மாக்களிடம் முட்டியை மடக்கிப் பார்த்துக்கொண்டே "எந்தத் தோட்டம் பாட்டி?" என்று கேட்டால் போதும், எந்த நிரையில் மேடு, எந்த இடத்தில் பாலம், எங்கே வழுக்கும் என்று ஒவ்வொன்றாக வரும். ஒரு சாயங்காலம் போனோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். குடியிருந்த லயம் எங்கே இருந்தது, அவர் வெட்டிய நிரை எது, ஸ்டோர் எது என்று கேளுங்கள். கித்தா மரமெல்லாம் போய்ச் செம்பனை ஆகியிருக்கும், ஆனால் சாலையும் வாய்க்காலும் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருக்கும். மேப்பில் அளந்து பார்த்து, அவருடைய ஒருநாள் தூரத்தையும் அதே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கொழுந்தனார் அதற்கு என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

இப்போது என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. இது கொஞ்சம் கசக்கும்.

புதுத் தூரத்தை ஓடி முடித்த அன்றைக்கு யாரும் என்னிடம் வருவதில்லை. அதற்கு அடுத்த இரண்டு மூன்று வாரத்தில்தான் வருகிறார்கள். சந்தோஷத்தில் புதன்கிழமை ஒரு 8, வெள்ளிக்கிழமை வேகமாக ஒரு 6, அடுத்த ஞாயிறு 16 என்று போய், எங்கேயோ ஒன்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பெருமை நல்லதுதான், ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு உடனே அடுத்த எண்ணை வாங்கப் போகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. உங்கள் தோழிகள் 21 என்று சொல்வதும் இதுதான். பாசத்தில் சொல்கிறார்கள், தெரியும்.

காரணம் என்னவென்றால், உடம்பு முழுக்க ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ஓடத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும், இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் அனுப்பத் தொடங்கும். சில வாரங்களில் தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும். முன்பு மூச்சு வாங்கிய மேட்டில் இப்போது பேசிக்கொண்டே ஏறலாம், உடனே நமக்கு "தயார்" என்று தோன்றிவிடும். ஆனால் தசைநார்களும் குதிகாலின் அடிப்பட்டையும் வலுவாக மாதக் கணக்கில் ஆகும். எலும்பு இன்னும் விசித்திரம். புதிய பாரம் விழுந்தால் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்து எடுக்கும், அப்புறம்தான் புதிதாகக் கட்டும். கரைப்பது சீக்கிரம் நடக்கும், கட்டுவது மெதுவாக நடக்கும், ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடக் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். மூச்சு "போ" என்று சொல்லும், எலும்பு "இரு" என்று சொல்லும், ஆனால் எலும்பு சொல்வது வலியாக மாறும்வரை நமக்குக் கேட்காது. 46 வயதில், மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டி, பெண்களுக்கு எலும்பு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள், ஒரே மரத்தைத் தினமும் வெட்டுவார்களா என்று. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். விடாமல் வெட்டினால் பால் வற்றிப் பட்டை காய்ந்துபோகும். (மரத்துக்கு ஓய்வு நாள் இருந்தது, ஆளை அன்றைக்கு வேறு நிரைக்கு அனுப்பினார்கள், அது வேறு கதை.) உங்கள் காலும் அப்படித்தான், ஓடிய நாளில் அது பலமாவதில்லை, விட்ட நாளில்தான் பலமாகிறது.

அன்றைக்கு மேகமூட்டம் என்று எழுதியிருந்தீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. நம் ஊர்க் காலையில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதற்கு மேல் வெயிலும் சேர்ந்தால் அதே வேகத்துக்கு இதயம் வேகமாகத் துடிக்க வேண்டிவரும், ஓட ஓட அது ஏறிக்கொண்டே போகும். அன்றைக்கு வெயில் உங்களுக்குச் சலுகை கொடுத்திருக்கிறது. வெயில் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை 11லேயே திணறினால், ஐயோ பழகியதெல்லாம் போய்விட்டதே என்று நினைக்காதீர்கள், ஒன்றும் போகவில்லை. மெதுவாக ஓடுங்கள், நிழலில் நடங்கள், தாகம் எடுத்தால் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும், சர்க்கரை எல்லையில் இருக்கும் நீங்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் 100 பிளஸ் மாதிரி இனிப்புப் பான டின்னை உடைக்க வேண்டியதில்லை. அதே சமயம் பயந்துபோய் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். புகைமூட்டக் காலத்தில் காற்றுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்று ஓட்டமே வேண்டாம்.

அரை மாரத்தானுக்கு வருகிறேன். 21.1 கிலோமீட்டர் அது. நீங்கள் ஓடிய வேகத்தில் ஒரு நொடிகூடக் குறையாமல் போனாலே 3 மணி 3 நிமிடம் ஆகும், கடைசி 6 கிலோமீட்டரில் யாருக்கும் வேகம் குறையாமல் இருக்காது. குதிகால் வலியோடு, ஆறே வாரத்தில், வேண்டாம். முடிக்க முடியாது என்பதால் சொல்லவில்லை, பிடிவாதக்காரர் நீங்கள், முடித்தாலும் முடித்துவிடுவீர்கள். அதற்கு அப்புறம் நாலு மாதம் ஓடாமல் உட்கார்ந்திருப்பீர்களே, அதை நினைத்துத்தான் சொல்கிறேன். அதே நிகழ்ச்சியில் 10 கிலோமீட்டர் பிரிவு இருந்தால் அதற்குப் பெயர் கொடுங்கள், குதிகால் அதற்குள் அடங்கியிருந்தால் தோழிகளோடு விடியற்காலை கிளம்பி, ஓடி, நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். 21ஐ அடுத்த வருஷத்துக்கு வையுங்கள். பதிவு செய்யுமுன் எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதியில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அது ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

அதுவரை என்ன செய்வது? இந்த வாரமும் அடுத்த வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள், 20, 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலையில் முந்தின நாளைவிட மோசமாகவும் இல்லை என்றால் ஓடலாம். கூடியிருந்தால் நடங்கள், அல்லது சைக்கிள் மிதியுங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் 8, 9, 10 என்று ஏறி, நாலாவது வாரம் வேண்டுமென்றே குறைத்து, மறுபடி 11, 12. வாரத்தின் மற்ற ஓட்டங்கள் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்கட்டும். இப்படிப் போனால் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபடி 15க்கு வருவீர்கள். அந்த இரண்டாவது 15ஐத்தான் நான் பெரிதாக மதிப்பேன். அதற்குக் குழுவில் யாரும் கைத்தட்ட மாட்டார்கள், உங்களுக்கே அவ்வளவு சிரிப்பு வராது, ஆனால் மறுநாள் திங்கட்கிழமை கேன்டீனில் வழக்கம்போல் நின்று வேலை பார்ப்பீர்கள். மூன்றாவது 15உம் அப்படி ஆனால், அப்போது 17 பற்றிப் பேசலாம். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, கண் இருட்டினாலோ, அதோடு கணக்கு முடிந்தது, நின்று நேராக மருத்துவமனைக்குப் போங்கள். தோட்டத்து நாய் துரத்தினால் மட்டும் ஓடாதீர்கள், நின்று, மெதுவாக நடந்து கடந்து போங்கள். இருட்டில் போவதாக இருந்தால் பளிச்சென்ற சட்டை, செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர்கள் அந்த நேரத்தில் ஓர் ஆளை எதிர்பார்க்க மாட்டார்கள்.

குதிகாலைப் பற்றி. கண்ணு பட்டது என்றால் சூடம் சுற்றிப் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் கூடவே நீங்கள் கேன்டீனில் காலில் என்ன போட்டு நிற்கிறீர்கள் என்று பாருங்கள். ஜப்பான் சிலிப்பர்தானே? தட்டையான, தேய்ந்த, குதிகால் பக்கம் காகிதம் மாதிரி ஆன ஒரு ஜோடி. அதைப் போட்டு சிமெண்டுத் தரையில் மணிக்கணக்கில் நின்று, வீட்டுக்கு வந்து ஓட்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்து, அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட ஐந்து கிலோமீட்டர் கூடுதல். காலையில் முதல் அடிகள் வைக்கும்போது குத்தி, கொஞ்சம் நடந்ததும் குறைகிற வலி பெரும்பாலும் பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை போகும் தடித்த பட்டையில் வருவது. ஓட்டம் அதைக் கிளப்பியிருக்கும், ஆனால் வாரம் முழுக்க அதை வளர்த்தது நிற்பதாகத்தான் இருக்கும். வேலைக்குக் கொஞ்சம் தடித்த, குதிகால் சற்று உயர்ந்த செருப்பு வாங்குங்கள். வீட்டுக்குள் செருப்பு போடுவது நம் வழக்கம் இல்லை, தெரியும், வீட்டுக்குள் மட்டும் போட ஒரு புது ஜோடியைத் தனியாக வைத்துக்கொண்டால் மாமியாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கட்டிலிலிருந்து இறங்குமுன், வலிக்கிற காலை மற்றக் காலின் தொடைமேல் போட்டு, கையால் கால் விரல்களை முழங்கால் பக்கம் வளைத்துப் பத்து நொடி பிடியுங்கள், பத்துத் தடவை. இன்னொரு கையால் பாதத்தின் நடுவைத் தடவினால் கயிறு மாதிரி ஒன்று இறுகுவது தெரியும், தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், மாடிப்படி ஓரத்தில் ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒற்றைக் காலில் மெதுவாகக் குதிகாலைத் தூக்குங்கள். மூன்று நொடியில் ஏறி, இரண்டு நொடி நின்று, மூன்று நொடியில் இறங்குங்கள். பன்னிரண்டு தடவை, முடிந்தால் மூன்று சுற்று. முதல் வாரம் இரண்டு காலிலும் நின்று செய்தால்கூடப் போதும். சலிப்பாக இருக்கும், மாதக் கணக்கில் செய்ய வேண்டும், ஆனால் பட்டைக்கு நிஜமாகவே பலம் தருவது இதுதான்.

நகம், சப்பாத்து சின்னதாக இருப்பதால். தூரம் கூடக் கூடப் பாதம் வீங்கும், விரல் முன்னால் போய் இடிக்கும், அதிலும் செம்மண் சாலை இறக்கத்தில் கேட்கவே வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, சாயங்காலம் போய் வாங்குங்கள். தோட்டத்தில் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடிடாஸ் கம்போங் என்பார்களே, அதைப் போட்டுக் காட்டு ஓட்டம் ஓடுகிறவர்கள் உண்டு, வழுக்காது, விலையும் குறைவு, ஆனால் குதிகால் வலி இருக்கும்போது நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். கறுத்த நகத்தைப் பிடுங்க வேண்டாம், அடியில் புது நகம் வளர்ந்து அதுவே விழும். சர்க்கரை எல்லையில் இருப்பதால் தினமும் குளித்த பிறகு விரல் இடுக்கை ஒரு பார்வை பாருங்கள், சீழோ சிவப்போ தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை, இப்போதே செய்யுங்கள். இரண்டு உள்ளங்கையாலும் குதிகால் எலும்பை இரு பக்கமும் வைத்து நன்றாக அழுத்துங்கள். அடிப்பாதத்தைத் தொட்டால் மட்டும் வலித்தால் மேலே சொன்னபடி போகலாம். பக்கவாட்டில் அழுத்தும்போது சுரீரென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலி இருந்தாலோ, எலும்பில் கீறல் இருக்கக்கூடும், ஓட்டத்தை நிறுத்திவிட்டு இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். அப்படி இல்லாவிட்டாலும் நாலு வாரத்தில் காலை வலி கொஞ்சமும் குறையவில்லை என்றால் போங்கள். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், பிசியோவுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வலி தொடங்கிய நாள், எத்தனை அடி நடந்தால் குறைகிறது, வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறீர்கள், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், ஓடுகிற சப்பாத்தையும் வேலைக்குப் போடும் சிலிப்பரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.